பயத்துல செத்த மான்

எங்கள் காலனி திருத்தணிக்கு வடக்கே, நகரி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கரட்டடியில் இருக்கிறது. ஊர்ப் பேர் எழுதவில்லை. எழுதினால் உயிரோடு இருக்கிற நாலு பேருக்குச் சங்கடம்.

ஊர்த்தெரு ஏரிக்கரையோரம். அதைச் சுற்றி நஞ்சை. அப்புறம் கிணற்றுப் பாய்ச்சல் கொல்லைகள். அப்புறம் மேய்ச்சல் புறம்போக்கு. அதுக்கும் அந்தாண்ட நாங்கள். எங்களுக்கு அந்தாண்ட காடு. காடு என்றால் சினிமாவில் காட்டுகிற காடு இல்லை. காரை, களா, சூரை, துரிஞ்சி, விராலி என்று முள்ளும் புதருமாக இடுப்புயரம் ஆளுயரம் நிற்கிற குத்துக்காடு. நடுநடுவே பாறை. மழை பேய்ந்தால் பாறை இடுக்கெல்லாம் புல். அந்தப் புல்லுக்கு எங்க ஆடும் போகும், மானும் வரும்.

புள்ளிமானைத்தான் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் துப்பி என்பார்கள், ஜிங்க என்பார்கள். எங்கள் காலனியில் பாதிப் பேர் வீட்டில் பேசுவதே தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு என்பதால் எங்களுக்கு எல்லாப் பேரும் சம்மதம்.

மான் எங்கே இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் எங்க ஊர்ப் படத்தைப் போட்டுக் காட்டுவேன். அடர்ந்த காட்டுக்குள்ளே புள்ளிமானுக்கு வேலை இல்லை. வெயில் படாத இடத்தில் புல் முளைக்காது. செங்குத்தான மலைச் சரிவும் அதுக்கு ஒத்துவராது, அதெல்லாம் கடமானுக்கு. மொட்டை வெளியிலும் ரொம்ப நேரம் நிற்காது, சத்தம் கேட்டால் ஓடி ஒளியப் புதர் வேண்டும். காடும் வெளியும் முட்டிக்கொள்கிற ஓரம்தான் அது குடியிருக்கிற இடம். வெயில் காலத்தில் தினம் தண்ணீர் குடித்தாக வேண்டும், அதனால் தண்ணீரை விட்டு ரொம்பத் தூரம் போகாது. எங்க தாத்தா இதை இப்படிச் சொல்வார்: "மேயறது, பட்த்துக்கினு அசைபோட்றது, தண்ணி குடிக்கிறது. மூணும் கூப்டு தூரத்துல கீதுன்னா அங்க மானு கீதுன்னு எய்திக்கோ."

அந்த ஓரத்தில்தான் எங்களையும் குடிவைத்தார்கள். நல்ல தண்ணீருக்கும் நல்ல மண்ணுக்கும் கடைசியில். மான் தானாக வந்து தங்கியது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

தாத்தாவுக்கு மான் விவரம் வந்த வழி கொஞ்சம் அசிங்கமானது. அவர் பறை அடிக்கிறவர். பொங்கல் முடிந்த கரிநாளில் ஊர்க்காரர்கள் வேட்டைக்குக் கிளம்பும்போது காலனியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் பறையோடும் கழியோடும் போக வேண்டும். காட்டுக்கு ஒரு பக்கமிருந்து இவர்கள் அடித்துக்கொண்டு சத்தம்போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் பக்கம் ஆண்டைமார்கள் துப்பாக்கி, வலை, நாயோடு உட்கார்ந்திருப்பார்கள். மான் எந்தப் புதரில் படுத்திருக்கும், கிளப்பினால் எந்தக் கணவாய் வழியாக ஓடும் என்று தாத்தா சொல்கிற இடத்தில்தான் ஆண்டை போய் உட்காருவார். விழுந்த மானைத் தூக்கிக்கொண்டு வருவதும் இவர்கள்தான். கறி ஊர்த்தெருவுக்கு. தலையும் குடலும் காலனிக்கு. தாத்தா அதையும் ஒரு மரியாதையாகச் சொல்லிக்கொள்வார், "கொம்போட தலைய எனக்குத்தான் குடுப்பாங்க" என்று. நான் பள்ளிக்கூடம் போய் அம்பேத்கர் பேரைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அவர் வயசு எனக்கே நெருங்கி வரும்போது, அவருக்கு இருந்தது அந்த ஒரு மரியாதைதானே என்று தோன்றுகிறது.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பகல் வேட்டை ராத்திரி வேட்டை ஆச்சு, அப்புறம் மெதுவாக நின்றும் போச்சு. சட்டம் நல்லதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வேட்டை நின்ற பிறகு, காட்டைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று கேட்கிற பேச்சும் நின்றுபோச்சு. தாத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் குற்றவாளிக்குத் தெரிந்த விஷயமாக மாறிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த கொம்பு, அது தானாக உதிர்ந்த கொம்பு (ஆண் மானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும், மாட்டுக்கொம்பு மாதிரி இல்லை), அதை ஒருநாள் ராத்திரி அவர் எங்கேயோ புதைத்துவிட்டு வந்தார். எங்கே என்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

வேட்டை வேண்டாம், அந்த விவரம் வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் போச்சு. ஜார்ஜ் ஷாலர் என்று ஒரு அமெரிக்கக்காரர் மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா காட்டில் 1963லிருந்து 1965 வரைக்கும் தங்கி, மானையும் புலியையும் பற்றி 1967ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகு அதைப் பற்றிப் படித்தேன். மான் எங்கே மேய்ந்தது, எந்த மாசத்தில் எங்கே கூட்டம் சேர்ந்தது, மாடு அதிகமாக மேய்கிற இடத்தில் மான் என்ன ஆனது, புலியின் எச்சத்தில் என்ன மயிர் இருந்தது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். பெரிய உழைப்பு. எங்க தாத்தாவும் புழுக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, "நேத்து ராத்திரி கெடந்தது, கேவுரு மேஞ்சிருக்குது, யாரு கொல்லின்னு போய்ப் பாரு" என்று சொல்கிறவர்தான். அவருக்குக் கைநாட்டு.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். ஆடு மேய்க்கப் போன பசங்கள் நாங்கள் ஒரு களாப் புதருக்குள்ளே மான்குட்டி ஒன்று சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தோம். கிட்டப் போனால்கூட எழுந்திருக்கவில்லை. தாய் செத்துப்போச்சு போல என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். காலனியே கூடிவிட்டது. ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்று ஆயா கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்தாள். தாத்தா வந்து பார்த்தார், என் முதுகில் ஒன்று வைத்தார். "தாயி எங்கியும் போவல. மேயப் போயிருக்குது. குட்டிக்கு வாசன இல்ல, நாயிக்குத் தெரியாது, அதான் பட்த்துக்கெடன்னு சொல்லிட்டுப் போயிருக்குது. பொயுது சாயக்குள்ள வரும்." என்று சொல்லிவிட்டு, என்னையே தூக்கிக்கொண்டு வரச் சொல்லி அதே புதரில் வைக்கச் சொன்னார். தூரத்தில் பாறைமேல் உட்கார்ந்து பார்த்தோம். இருட்டுகிற நேரத்தில் தாய் வந்தது.

திரும்பி வரும்போது அவர் சொன்னது இன்னும் சிரிப்பாக இருக்கிறது. "அந்த நம்பிராஜன் செஞ்சதும் இதே தப்புதான்டா." எங்க பக்கத்தில் வள்ளி கதை எல்லோருக்கும் தெரியும். மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில் கிடந்த பெண் குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்தான், தினைப்புனம் காக்க வைத்தான், முருகன் வந்து கட்டிக்கொண்டு போனான். கந்தபுராணம் அந்தக் கல்யாணத்தோடுதான் முடிகிறது. அது நடந்த மலை என்று காட்பாடிக்கு அந்தப் பக்கம் வள்ளிமலையைக் காட்டுவார்கள். கட்டிக்கொண்டு வந்து இருந்த மலை என்று எங்க திருத்தணியைச் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகைக்கு 365 படியிலும் காவடியாக நிற்கிற ஜனத்துக்கு நடுவில் எங்க தாத்தா ஒருத்தருக்குத்தான், சாயங்காலம் அந்தக் குழிக்குத் திரும்பி வந்து குழந்தையைக் காணாமல் நின்றிருக்கும் தாய்மானைப் பற்றிக் கவலை.

இனி அந்தக் கிணற்று விஷயத்துக்கு வருகிறேன்.

1981, சித்திரை. நான் ஒன்பதாவது முடித்திருந்தேன். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. காட்டுக்குள் இருந்த ரெண்டு சுனையும் வற்றிவிட்டது. தண்ணீர் இருந்தது கொல்லைக் கிணறுகளில் மட்டும்தான். எங்க நைனா வாரத்துக்குப் பயிர் வைத்த கொல்லை காட்டை ஒட்டி இருந்தது. கொல்லையும் கிணறும் ஊர்க்காரர் ஒருவருடையது. கைப்பிடிச்சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற கிணறு. எங்க பக்கத்தில் பாதிக் கிணறு அப்படித்தான்.

விடியற்காலையில் ஆயா ஓடிவந்து சொன்னாள். ராத்திரி நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தது, கிணற்றுக்குள்ளே ஏதோ தண்ணீர் அடிக்கிற சத்தம் என்று. போய்ப் பார்த்தால் பெண் மான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு கல்படியில் முன்னங்காலை வைத்து வைத்து வழுக்கிக்கொண்டிருந்தது. கரையில் நாலு நாய்.

நைனாவும் இன்னும் ரெண்டு பேரும் இறங்கினார்கள். நைனா துண்டை நனைத்து அதன் கண்ணைக் கட்டினார். வயிற்றுக்கு அடியில் ஈரச் சாக்கைக் கொடுத்துக் கயிறு போட்டு, மேலே ஆறு பேர் இழுத்தோம். நானும் கயிற்றில் ஒரு கை. அதற்குள் காலனி ஜனம் பூராவும், ஊரிலிருந்தும் பத்துப் பேர், சுற்றி நின்று ஒரே சத்தம். "கூச்சல் போடாதீங்க, தூரம் போங்க" என்று நைனா உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். யார் கேட்டது? மேலே வந்து கட்டை அவிழ்த்ததும் மான் நின்றது. உடம்பெல்லாம் நடுக்கம். பத்தடி நடந்தது. பின்னங்கால் மடிந்து உட்கார்ந்தது. கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்தது. கொஞ்ச நேரத்தில் செத்துப்போச்சு.

ஒரு காயம் கிடையாது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

நைனாதான் சித்தப்பாவை சைக்கிளில் அனுப்பி ஆபீசுக்குத் தகவல் சொல்லச் சொன்னார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தகவல் சொன்னது நாங்கள். சாயங்காலம் ஒரு அதிகாரியும் ரெண்டு ஆட்களும் வந்தார்கள். மானைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

"காயமே இல்லியேடா. எப்படிச் செத்துச்சு? தண்ணியில மருந்து கலந்தீங்களா?"

"இல்ல சார். நாயி தொரத்திக் கெணத்துல வுயிந்துச்சு. நாங்க மேல ஏத்தனோம். பயத்துல செத்துச்சு சார்."

அந்த அதிகாரி சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். "பயத்துல செத்துச்சாம்! மான் என்னா உன் பொண்டாட்டியாடா?" என்று சொல்லி நைனாவின் கன்னத்தில் ஒன்று விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குச் சொந்தக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். கிணற்றுக்குச் சுவர் ஏன் இல்லை என்று அவரை யாரும் கேட்கவில்லை. "காலனி ஜனங்கதான் பாத்துக்கினு கீறாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவராகவே சொன்னார்.

மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். ரெண்டு ராத்திரி. வீட்டைச் சோதனை போட்டு எங்க அம்மாவின் குழம்புச் சட்டியைக்கூட முகர்ந்து பார்த்தார்கள். கடைசியில் அபராதம் என்று ஒரு தொகை சொன்னார்கள், ரசீது எதுவும் தரவில்லை. அம்மா குட்டியோடு இருந்த வெள்ளாட்டை விற்றாள். அந்த மானை எங்கே புதைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற கேள்வியா அது?

நைனா அதற்கப்புறம் காட்டுப் பக்கம் எது கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அடுத்த ரெண்டு மூன்று வருஷத்தில் அதே கிணற்றில் இன்னொரு மான் விழுந்தது. யாரும் இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. மானைக் காப்பாற்றப் போட்ட சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மான் இருக்கிற இடத்தில் குடியிருக்கிறவனைத் திருடன் என்று வைத்தால் இதுதான் நடக்கும். காட்டில் செத்தவன் திருடன்தான் என்ற பேச்சு பெரிய அளவில் போனால் என்ன ஆகும் என்பதையும் எங்க எல்லைக்கு அந்தப் பக்கத்திலேயே பார்த்தோம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் செம்மரம் வெட்டினவர்கள் என்று 20 பேரைச் சுட்டது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள்.

2004ல் நான் ஒன்றியப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் கோமாரி தடுப்பூசி முகாம். வந்திருந்த கால்நடை டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஏனோ இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கப்பா சொன்னது சரிங்க வாத்தியாரே" என்றார். மானை நாய் துரத்தினாலும், மனுஷன் பிடித்துக் கட்டினாலும், சக்திக்கு மீறி ஓடி, முட்டி மோதி, அதன் தசைநாரே உடைய ஆரம்பிக்குமாம். ரத்தம் புளித்துப்போகும், உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும், இதயம் நின்றுபோகும். சில மான் ஒரு மணி நேரத்தில் சாகும், சிலது நல்லா இருக்கிற மாதிரி இருந்து நாலு நாள் கழித்துச் சாகும். வெளியே ஒரு காயமும் தெரியாது. மானைப் பிடிக்கும்போது கண்ணைக் கட்ட வேண்டும், சத்தம் கூடாது, கூட்டம் கூடாது, வெயிலில் பிடிக்கக் கூடாது, சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடத்தில் இருக்கிறதாம். "உங்கப்பா கண்ணைக் கட்டினாரா? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

நைனா செத்து அப்போது ஆறு வருஷம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அது இப்பத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? அந்த வெள்ளாடு திரும்பி வருமா?" என்று கேட்டுவிட்டுப் புடைக்கிறதைத் தொடர்ந்தாள்.

அதிலிருந்துதான் நான் இதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்து மான்கள் ஏன் ரோட்டுக்கு வருகின்றன, ஏன் தெருவுக்குள் வருகின்றன என்று பேப்பரில் போடும்போதெல்லாம் "வழி தவறி வந்த மான்" என்று போடுவார்கள். மான் வழி தவறுவது இல்லை. அதன் வழியில் நாம் எதையோ வைத்திருப்போம்.

முதலில் தண்ணீர். கோடையில் காட்டுக்குள் சிமெண்ட் தொட்டி கட்டி டிராக்டர் டேங்கரில் தண்ணீர் நிரப்புகிறார்கள். நல்ல காரியம். எங்க பக்கம் ஒரு தொட்டி கட்டினார்கள், தார் ரோட்டிலிருந்து கல்லெறி தூரத்தில். ஏன் அங்கே என்றால் டேங்கர் போகச் சுலபம். மான் தண்ணீர் குடிக்க ரோட்டைத் தாண்டி வந்தது. திருப்பதி போகிற வண்டிகள் ராத்திரியில் எந்த வேகத்தில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாய்களும் தொட்டியைக் கண்டுபிடித்துவிட்டன. எல்லா மானும் ஒரே இடத்துக்கு வந்தால் சுற்றியுள்ள புல்லும் போச்சு. இதே காசுக்கு, பழைய சுனை ரெண்டையும் தூர் வாரி, நாலு இடத்தில் ஓடையைக் கல் வைத்துத் தடுத்திருந்தால் தண்ணீர் காட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். அந்தச் சுனை எங்கே என்று காலனியில் ஆடு மேய்க்கிற எந்தக் கிழவியைக் கேட்டாலும் காட்டுவாள். கேட்கவில்லை.

அப்புறம் நாய். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சிறுத்தையும் செந்நாயும் மானை அடிப்பது இயற்கை, அதோடு சேர்ந்து வாழ்ந்த மிருகம்தான் மான். தெருநாய் வேறு. அது சோறு தின்பது நம் குப்பையில், ஓடுவது காட்டில். கிருத்திகை, பங்குனி உத்திரம் என்று லட்சம் பேர் வந்து சாப்பிட்டு இலையைப் போட்டுவிட்டுப் போகிற ஊர் எங்க ஊர். இலை இருக்கிற வரைக்கும் நாய் பெருகும். ஜனம் போன பிறகு அந்த வயிறு எங்கே போகும்? குப்பையை ஒழுங்காக அள்ளுவதும் நாய்க்குக் கருத்தடை போடுவதும் மானைக் காக்கிற வேலைதான். அந்தக் குப்பையை அள்ளுகிறவர்களும் எங்க ஜனம்தான், அவர்கள் கூலி பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சென்னைக் கிண்டியிலும் இதே கதைதான். ராஜ்பவன் காட்டில் ஒரு பகுதியை 1978ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், மொத்தமே மூன்று சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்கு முன்பே, 1959ல் அந்தக் காட்டில் ஒரு பகுதியில் ஐஐடி வந்தது. சுற்றிலும் நகரம். அங்கே மான் செத்தால் வயிற்றைக் கிழித்துப் பார்த்து பிளாஸ்டிக் பை எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் நாய்க்கடி. வெளியே போக வழியில்லாத இடத்தில் மான் பெருகினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. அந்தமானில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகப் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதை அடிக்கிற மிருகம் எதுவும் இல்லை. தீவுக்குத் தீவு நீந்திப் போய்ப் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்து காட்டையே மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆக, மானைக் காப்பாற்று என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு புல்லுக்கு, எதன் பயத்தில் அது வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்க காட்டில் புல்லைத் தின்றது வேலிகாத்தான். வெளியூர்க்காரர்கள் சீமைக்கருவேலம் என்கிறார்களே அது. அதன் காயை ஆடும் மானும் விரும்பித் தின்னும், விதை புழுக்கையில் போய் விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். அதன் அடியில் புல் வராது. மேலே மலைப்பக்கம் உண்ணிச்செடி வேறு. புல் போனதும் மான் எங்கே போகும், எங்க கேவுருக்கும் வேர்க்கடலைக்கும்தான் வரும். நூறுநாள் வேலை வந்தபோது, காட்டு ஓரத்து வேலிகாத்தானை வேரோடு பிடுங்குகிற வேலையை எங்க பொம்பளைங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டோம். அவர்கள் எப்படியும் அதைத்தான் விறகுக்கும் கரிக்கும் வெட்டுகிறார்கள். கிடைத்தது ரோட்டோரம் புல் செதுக்குகிற வேலை! மானுக்கு வேண்டிய புல்லை.

பயிர் நஷ்டத்துக்கு மனு போட்டவர்களிடம் பட்டா கேட்டார்கள். வாரத்துக்குப் பயிர் வைக்கிறவனிடமும் புறம்போக்கில் பயிர் வைக்கிறவனிடமும் ஏது பட்டா? நஷ்டஈடு நிலத்துக்காரருக்குப் போகும், கண் விழித்துக் காவல் காத்தவனுக்கு வராது. பின்னே ராத்திரியில் எவனாவது கம்பியில் கரண்டு விட்டால் நாம் யாரைக் குறை சொல்வது? (கரண்டு விடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. எங்க பக்கத்தில் அதில் மனுஷனே செத்திருக்கிறான்.)

2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் வந்தபோது காலனியில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பக்கத்திலிருக்கும் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் அவர்களுக்கு ஒரு விதி. எங்களைப் போன்றவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். கணக்குப் பார்த்தால் 1930. அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போராட்டமெல்லாம் நடந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தோம். எங்க தாத்தாவின் அப்பா இந்தக் கரட்டடியில் இருந்ததற்குக் காகிதம் ஏதாவது இருந்தால் அது தெலுங்கில் இருக்கும், சித்தூரில் இருக்கும். அதுவும் இருக்காது, வேட்டைக்குப் பறையடிக்க வந்தவன் பேரை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

இப்போது சித்தூரிலிருந்து தச்சூருக்கு ஆறுவழிச்சாலை என்று பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை பக்கமாக நிலம் எடுத்தார்கள். அந்த மாதிரி ரோடு ஒன்று குறுக்கே விழுந்தால் இந்தப் பக்கத்து மானும் அந்தப் பக்கத்து மானும் சேராது. அடியில் ஓடையோடு ஓடையாக அகலமான பாலம் விட்டால் ராத்திரியில் மான் அதன் வழியாகப் போகும், சின்னக் குழாய்க்குள் போகாது. எந்த ஓடை என்று தாத்தா இருந்தால் காட்டியிருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் காலனிப் பசங்க ரெண்டு பேரும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காட்டு ஓரமாக நடந்து, கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகளை எண்ணினோம். பதினான்கு. எது யாருடையது, எத்தனை ஆழம், எதில் தண்ணீர் இருக்கிறது, எதன் பக்கம் குளம்படி இருக்கிறது என்று எழுதினோம். திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்தோம். மனு பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதாசி வந்தது. பதினான்கில் ரெண்டுக்குச் சுவர் வந்திருக்கிறது. ஒன்று, சொந்தக்காரரின் கன்றுக்குட்டியே உள்ளே விழுந்த பிறகு. இன்னொன்றை காலனியிலேயே காசு போட்டுக் கட்டினோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற வழி என்பதால்.

நைனா இறங்கின கிணறு அந்த லிஸ்டில் ஏழாவது. சுற்றிலும் போர் போட்டதில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, வெயில் காலத்தில் ஒரு முழம் நின்றால் அதிகம். ஆனால் வாசனை வரும் போலிருக்கிறது. விளிம்பு வரைக்கும் குளம்படி இருந்தது. போன மாசியில் வேலிகாத்தான் முள்ளை வெட்டி அதைச் சுற்றி ரெண்டு அடுக்குப் போட்டு வைத்தோம். ஆடி வரைக்கும் தாங்கும். அதற்கப்புறம் கறையான் தின்றுவிடும், மறுபடி போட வேண்டும்.